வழியும் கழிவுநீரைச் சதுப்புநிலம் எப்படிச் சுத்தம் செய்கிறது?

மழை நாளில் வழியும் கழிவுநீரைச் செயற்கைச் சதுப்புநிலம் எப்படிச் சுத்தம் செய்யும், சிங்கப்பூரில் அது உண்டா என்பதுதான் கேள்வி.

முதலில், ஏன் வழிகிறது? லண்டன், நியூயார்க் போன்ற பழைய நகரங்களின் பல பகுதிகளில் மழைநீரும் கழிவறை நீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை கொட்டினால் குழாய் தாங்காது, மிச்சம் அப்படியே ஆற்றில் விழும். அந்த மிச்சத்தை வழியிலேயே மடக்கி, மணலும் சரளைக்கல்லும் நிரப்பி நாணல் நட்ட பள்ளத்துக்குள் மெதுவாக வடிய விடுவதுதான் செயற்கைச் சதுப்புநிலம். இத்தாலியில் மிலான் பக்கம் கொர்லா மஜோரே என்ற ஊரில் இதற்காகவே ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஃபில்டர் பஞ்சில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும், அழுக்கு என்று நினைத்து அதைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் (நானும் செய்திருக்கிறேன், பாவம் மீன்கள்) தொட்டித் தண்ணீர் கெட்டுவிடும், ஏனென்றால் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. சதுப்பிலும் அதே கதைதான். சரளையிலும் வேரிலும் ஒட்டிய நுண்ணுயிர்கள்தான் கழிவைத் தின்கின்றன; நாணல் அவற்றுக்கு இடம் கொடுக்கிறது, மணல் அடைத்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது.

சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவறை நீருக்கும் தனித்தனிக் குழாய். அதனால் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் படிப்படியாக இறங்கும் செடிப் பாத்திகள் சுத்தம் செய்வது குளத்து நீரையும் ஆற்று நீரையும்தான், கழிவறை நீரை அல்ல.

அப்புறம், சதுப்பு என்றாலே கொசு, டெங்கி என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நீர் சரளைக்கு அடியிலேயே ஓடும்படி அமைத்தால் கொசு முட்டையிடத் தேங்கிய நீரே இருக்காது.