மேட்டூர் அணை வரைபடம்: பொறியாளருக்கும் விவசாயிக்கும் ஒரே படம் போதுமா?

போதாது. இருவருக்கும் சேர்த்து நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இடது அச்சில் அணையின் நீர்மட்டம், அடியில்; வலது அச்சில் நீரோட்டம், வினாடிக்கு இத்தனை கன அடி என்று. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் ஏதோ நடந்ததாகத்தான் விவசாயிகள் நினைப்பார்கள். அந்த வெட்டு நீங்கள் வைத்த அளவுகோலால் வந்தது, நீரால் அல்ல.

பொறியாளர் படத்தை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியுங்கள், தேதி அச்சு பொதுவாக இருக்கட்டும். மேலே நீர்மட்டம், அணை நிரம்பும் மட்டமான 120 அடியில் ஒரு கோடு. கீழே வரத்தும் வெளியேற்றமும். வெள்ளக்காலத்தில் வரத்து வினாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டும், கோடையில் சில நூறுதான். அதனால் அங்கே மட்டும் மடக்கை அளவுகோல் (log scale: 100, 1,000, 10,000 என ஒவ்வொரு படியும் பத்து மடங்கு). வரத்து பூஜ்யமான நாட்கள் அதில் காணாமல் போகும், தனிக்குறி வையுங்கள்.

விவசாயிக்கு அடிக்கணக்கே வேண்டாம் என்பேன். அணை மேலே விரிந்து கீழே குறுகுவதால் 100 அடி என்றால் சுமார் 65 டிஎம்சிதான் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). முழுக் கொள்ளளவோ 93.47. உயரத்தில் 83 சதவீதம், நீரில் 70-ஐக்கூடத் தொடாது. ஆகவே டிஎம்சி, பூஜ்யத்தில் தொடங்கும் அச்சு, இந்த ஆண்டு அடர்நீலம், போன ஆண்டு சாம்பல். எந்த நிறம் எந்த ஆண்டு என்று சொல்லும் விளக்கப் பெட்டியை எடுத்துவிட்டு ஆண்டைக் கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள். ஜூன் 12-இல் ஒரு செங்குத்துக் கோடு. பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் அதுதானே, கண் முதலில் அங்கேதான் போகும்.

வெளியேற்றத்தையும் சொல்ல வேண்டுமென்றால் கோடு வேண்டாம், ஒரு வரி போதும்: வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கப் போனால் 1 டிஎம்சி குறையும். வாட்ஸ்அப்பில் போவதால் சதுரப் படமாக, 1080 பிக்சலில், எழுத்து 36-க்குக் குறையாமல்.