வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மன் பப்பில் ஓர் இரவுச் சாப்பாடு

கேள்வி: மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக நானும் என் மனைவியும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குப் புறப்படுகிறோம். போய்ச் சேர்ந்த வாரமே ஹான்டார்ஃப் என்ற ஊரிலுள்ள ஜெர்மன் பப்புக்கு நண்பர்களோடு எங்களையும் அழைத்துப்போவதாக மாப்பிள்ளை சொல்கிறார். எங்களுக்கு மதுப் பழக்கம் கிடையாது. மனைவி சுத்த சைவம். மாப்பிள்ளை மனம் நோகாமல் மறுப்பது எப்படி?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: மறுக்காதீர்கள், ஐயா. பப் என்றதும் நமக்கு டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்தான் கண்முன் வருகிறது. அங்கேயோ அது பேரக்குழந்தைகளோடு குடும்பமாகப் போய்ச் சாப்பிடுகிற இடம்.

ஹான்டார்ஃப், அடிலெய்டை அடுத்த மலைப்பகுதியில் இருக்கிறது. அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் தங்கள் வழிபாட்டு முறைக்கு வந்த நெருக்கடியிலிருந்து விலகிக் கப்பலேறிய, லுத்தரன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் 1839-இல் அமைத்த ஊர் அது. தங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த கப்பல் தலைவர் ஹானின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். முதல் உலகப் போரின்போது, 1917-இல், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்து ஜெர்மன் ஊர்ப்பெயர்களை மாற்றியபோது இதுவும் ஆம்பிள்சைடு ஆகி, 1935-இல்தான் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. பக்கத்து மேசைக்காரர் உங்கள் ஊரை விசாரித்தால், 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் லுத்தரன் பாதிரியார் வந்திறங்கித் தமிழ் படித்த தரங்கம்பாடி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

இனி, சாப்பாடு. சவர்க்ராட் என்று ஒன்று வரும். முட்டைக்கோஸை இழை இழையாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து, பாரம் வைத்து அழுத்தினால் அது தன் நீரைத் தானே விட்டு, அந்த நீரிலேயே சில வாரங்கள் ஊறிப் புளிக்கிறது. வினிகர் ஒரு சொட்டும் தேவையில்லை. உப்பில் குலுக்கிய மாவடு சுருங்கிச் சுருங்கி நீர் விடுவதைப் பார்த்து வளர்ந்த உங்கள் மனைவிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பல இடங்களில் அதைப் பன்றிக் கொழுப்பிலோ பன்றி இறைச்சித் துண்டுகளோடோ சூடாக்குவார்கள் என்பதால், கேட்காமல் வாயில் வைக்க வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. வேறோர் ஊரில், உருளைக்கிழங்கு சாலட்தானே என்று நம்பிக் கரண்டியை விட்டேன். வெங்காயம் என்று நினைத்த பழுப்புத் துணுக்குகள் பல்லில் பட்டபோதுதான் அவை பன்றி இறைச்சி என்று தெரிந்தது. ‘சைவம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது; இறைச்சி, கொழுப்பு, எலும்புச் சாறு மூன்றும் இல்லையா என்று தனித்தனியாகக் கேளுங்கள். முடிச்சுப் போட்ட பிரெட்செல் ரொட்டியும், பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டமும் கிடைத்தால் வயிறு நிறையும்; இரண்டாவதில் முட்டை உண்டு என்பதால் உங்கள் மனைவியின் வழக்கத்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

குடிப்பதற்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்து கேட்கலாம். ‘ஆல்கஹால் இல்லாத பியர்’ என்று விற்பதிலும் சிறிதளவு இருக்கக்கூடும். ஆகவே அது வேண்டாம். ஒருவர் எழுந்துபோய் எல்லோருக்கும் வாங்கி வருவதும், அடுத்த சுற்றை இன்னொருவர் வாங்குவதும் அந்நாட்டு வழக்கம், ‘ஷவுட்’ என்பார்கள். நீங்கள் பழச்சாறுதான் குடித்தீர்கள் என்றாலும் ஒரு சுற்றுக்கு முந்திக்கொண்டு எழுந்தால் மாப்பிள்ளைக்குக் கௌரவமாக இருக்கும். ஓட்டுநரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதத்தைத் தொட்டாலே அங்கே குற்றம் என்பதால், திரும்பும்போது வண்டியை யார் ஓட்டுவது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். மாமனார் கேட்கலாம், தப்பில்லை.

கேள்வி: பப்போடு சேர்ந்து ‘டெலி’ ஒன்றும் இருக்கிறதாம். அது என்ன கடை? ஊருக்கு ஏதாவது வாங்கி வரலாமா?
– அதே வாசகர்

பதில்: அடிலெய்டுக்காரர்கள் தெருமுனைப் பெட்டிக்கடையையும் டெலி என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம். ஜெர்மன் டெலி என்பது புகையூட்டிய இறைச்சி, பாலாடைக்கட்டி, கம்பு போலக் கறுத்த ரை ரொட்டி, ஊறுகாய் ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்து, கேட்கிற கனத்தில் சீவி நிறுத்துக் கொடுக்கும் இடம். பேரக்குழந்தை கூட வந்தால் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள். ஃப்ரிட்ஸ் என்ற இறைச்சி உருளையில் ஒரு வில்லை சீவிக் குழந்தைகள் கையில் அன்பாகக் கொடுப்பது அந்த மாநிலத்துக் கறிக்கடை வழக்கம். கொடுப்பவர் கேட்டுக்கொண்டு கொடுக்க மாட்டார்.

வாங்குவதானால் அரைத்த கடுகு ஒரு பாட்டில் வாங்குங்கள். மாவடுவுக்குக் கடுகு அரைத்த கைக்கு அந்தக் காரம் உடனே பிடிபடும். அதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள், பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்.