மாசியும் நாட்டோவும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜப்பானில் மிட்டோ நகரத்துக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீம் லீடர் என்னையும் இன்னொரு தமிழ்ப் பையனையும் வீட்டுக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சமைத்தது அவருடைய அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சோறு, மிசோ என்கிற சோயா விழுதில் செய்த சூப், சுட்ட சால்மன், பச்சை முட்டை, நாட்டோ என்கிற புளிக்கவைத்த சோயா. நாட்டோவை ஒரு ஸ்பூன் வாயில் வைத்ததுமே குமட்டிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு "நாறுதுடா" என்றேன். நண்பன் அதை வீடியோ எடுத்து எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான். அந்த அம்மா சிரித்த முகத்தோடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். அதிலிருந்து மனசு சரியில்லை. அவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? இங்கே எதுவுமே எனக்கு இறங்கவில்லை அக்கா, மிசோ சூப்கூட சப்பென்று உப்புத்தண்ணி மாதிரி இருக்கிறது. இதெல்லாம் பழகுமா? பச்சை முட்டை சாப்பிடலாமா?

ர., மிட்டோ

---

அன்புள்ள தம்பி,

பச்சை முட்டைக்குப் பயப்பட வேண்டாம், அங்கே பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே கழுவி, நாள் குறித்து விற்கிறார்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடு. பழகுமா என்றால் பழகும்.

முதலில் அந்த வீடியோவை அழிக்கச் சொல். இன்றைக்கே. ஒருவர் விடிகாலையில் எழுந்து உனக்காகச் சமைத்து வைத்த மேஜையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட முடியாமல் போவது தப்பே இல்லை, யாருக்கும் வரும். ஆனால் அந்த முகச்சுளிப்பைப் படம் பிடித்துப் பத்துப் பேர் சிரிக்க அனுப்புவது தப்பு. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாயே, உனக்கு எங்கே போயிற்று புத்தி? அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று சமாதானம் சொல்லாதே. மூக்கைப் பொத்தினால் எந்த ஊரிலும் புரியும்.

நாட்டோவை வெறும் ஸ்பூனில் அள்ளி வாயில் போட்டால் யாருக்கும் குமட்டத்தான் செய்யும். ஊறுகாயை மட்டும் வாய் நிறையப் போட்டுப் பார். அவித்த சோயாவை வைக்கோலில் பொதிந்து கதகதப்பாக ஒரு நாள் வைத்தால் வைக்கோலில் இருக்கும் நுண்ணுயிர் அதைப் புளிக்க வைத்து அந்தப் பிசுபிசுப்பான நூலைக் கொண்டுவருகிறது. இப்போது தெர்மகோல் டப்பாவில் வருகிறது, உன் மிட்டோவில் இன்னமும் வைக்கோல் கட்டோடும் விற்கிறார்கள், நாட்டோ என்றாலே ஜப்பான்காரர்களுக்கு உங்கள் ஊர் பேர்தான் வரும். அதைக் குச்சியால் நூல் வெளுத்து நுரைக்கும்வரை கலக்கி, கொஞ்சம் கடுகு விழுது, கொஞ்சம் சோயா சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் சேர்த்து, ஆவி பறக்கிற சோற்றின்மேல் போட்டுச் சாப்பிட வேண்டும். ஒசாகா, கியோட்டோ பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே இதைத் தொடாதவர்கள் நிறையப் பேர். ஆகவே பிடிக்கவில்லை என்று நீ வருந்த வேண்டியதில்லை.

என்னைக் குத்தியது "நாறுது" என்கிற அந்த வார்த்தை.

நான் தூத்துக்குடியில் ஆறாவது படித்தபோது எங்கள் ஆச்சி மாசிச் சம்பல் வைத்துச் சோறு கட்டித் தருவாள். மாசி உனக்குத் தெரியாமல் இருக்காது, ராமநாதபுரத்துக்காரன். சூரை மீனை நீளவாக்கில் பிளந்து, உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்துக் கட்டை மாதிரி ஆக்கியது. தோணிக்காரர்கள் மாலத்தீவிலிருந்து கொண்டு வருவார்கள். ஆச்சி அதை உரலில் போட்டு இடித்து, வற்றல் மிளகாய், தேங்காய்ப்பூ, சின்ன உள்ளி சேர்த்துத் தட்டி எடுப்பாள், கடைசியில் உரலில் ஒட்டியதை ஒரு பிடி சோற்றால் துடைத்து என் வாயில் போடுவாள். ஒரு நாள் வகுப்பில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள், டீச்சர் வந்து "என்ன இது நாறுது" என்று சொல்லி ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டு என்னை வராந்தாவில் போய்ச் சாப்பிடச் சொன்னார். நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்த்த ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை, மறுநாளிலிருந்து தயிர்ச்சோறு கட்டினாள். அவள் சாகிறவரைக்கும் எனக்கு மாசிச் சம்பல் கட்டித் தரவே இல்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது தொண்டை அடைக்கிறது. அந்த அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனதைப் படித்தபோது எனக்கு அவர்கள் முகம் தெரியவில்லை, ஆச்சிதான் தெரிந்தாள்.

2014-இல் ஜப்பான் போனபோது ஷிசுவோகா பக்கம் யாய்சு என்கிற மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கடையில் வயதான பெண்மணி ஒருவர் கறுத்துக் காய்ந்த இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார், நல்ல வைரம் பாய்ந்த மரம் மாதிரி கணீரென்று கேட்டது. பிறகு இழைப்புளி தலைகீழாகப் பதித்த ஒரு மரப்பெட்டியில் அதை வைத்துச் சீவினார். மெல்லிசாக, ரோஜா நிறத்தில், காற்றில் நடுங்குகிற சீவல். அதை என் உள்ளங்கையில் வைத்தார். மோந்து பார்த்தேன். ஆச்சியின் உரல்!

அது கட்சுவோபுஷி. அதே சூரை மீன்தான் தம்பி. அவிக்கிறார்கள், முள் எடுக்கிறார்கள், விறகுப் புகையில் திரும்பத் திரும்ப வாட்டுகிறார்கள், உயர்ந்த ரகத்துக்கு அதன் பிறகு பூஞ்சை பிடிக்கவைத்து வெயிலில் காயப்போட்டு, மறுபடி பூஞ்சை, மறுபடி வெயில் என்று மாதக்கணக்கில் வைக்கிறார்கள். 1343-இல் மாலத்தீவுக்குப் போன மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அங்கே மீனைத் துண்டு போட்டு லேசாக வேகவைத்து ஓலைக்கூடையில் வைத்துப் புகை போடுவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அது போகிறது என்றும் சொல்கிறார். நம் கடற்கரை வீடுகளில் எத்தனை நூறு வருஷமாக இடிபட்டுக்கொண்டிருக்கிற பண்டம். அதைத்தான் நாறுது என்று சொல்லி என்னை வராந்தாவுக்கு அனுப்பினார்கள்.

இப்போது உன் உப்புத்தண்ணிக்கு வருகிறேன். சப்பென்று இருக்கிறது என்றாயே, மிசோ சூப்பின் அடியில் இருப்பது தாஷி என்கிற சாறு, பெரும்பாலும் கொம்பு என்கிற கடற்பாசியும் இந்தக் கட்சுவோபுஷியும் போட்டு எடுத்தது. பாசியைத் தண்ணீரில் ஊறவிட்டு, சுட வைத்து, கொதி வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். பிறகு சீவலைப் போட்டு, அது அடியில் படிந்ததும் வடிகட்டி விடுவார்கள். கிகுனே இகெடா என்ற டோக்கியோப் பேராசிரியர் 1908-இல் அந்தப் பாசியிலிருந்து குளுட்டமேட் என்கிற ருசிப் பொருளைப் பிரித்தெடுத்து அதன் ருசிக்கு உமாமி என்று பேர் வைத்தார். அவருடைய மாணவர் கொடாமா 1913-இல் மீன் சீவலின் ருசிக்குக் காரணம் இனோசினேட் என்கிற இன்னொரு பொருள் என்று கண்டுபிடித்தார். இரண்டும் ஒரு கிண்ணத்தில் சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும். நம் நாக்கு காரமும் புளியும் எப்போது வந்து அறையும் என்று காத்துக்கொண்டே இருக்கிறது, அறை விழவில்லை என்றால் ருசியே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. நாலு மாதமாக மாசித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிறாய் நீ, ராமநாதபுரத்துப் பிள்ளை! கிண்ணத்தைக் கையில் தூக்கி, குடிப்பதற்கு முன்னால் அந்த ஆவியை மட்டும் ஒரு தடவை மோந்து பார். அப்புறம் மெதுவாக ஒரு மடக்கு. உடனே விழுங்காதே, நாக்கின் பின்பக்கம் வரை போகட்டும்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தாய். டீம் லீடரிடம் சொல்லி இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போ. பெரிய வார்த்தை ஒன்றும் வேண்டாம். நாட்டோவைத் திரும்ப முயற்சி செய்கிறேன் என்று பொய்யாக நடிக்கவும் வேண்டாம், முடிந்தால் சோற்றோடு ஒரு வாய், முடியாவிட்டால் கும்பிட்டு வேண்டாம் என்று சொல். மிசோ சூப்பை மட்டும் அடி வரை குடித்துவிட்டு, வெறும் கிண்ணத்தை இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டி "ஒகவாரி" என்று கேள். இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று அர்த்தம்.