பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ் 90%’ என்று இருந்தால் என்ன அர்த்தம்?

மார்பகப் புற்றுநோய்க் கட்டியின் செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை இது. ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பி, பி.ஆர். புரோஜெஸ்டிரோனுக்கானது. கட்டியிலிருந்து எடுத்த சதையில் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஏற்பி உள்ள செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். நூறு புற்றுச் செல்களில் 90 அப்படித் தெரிந்தால் 90%. 1% இருந்தாலே பாசிட்டிவ்தான். ஆனால் 10%-க்குள் இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எவ்வளவு பலன் தரும் என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

பாசிட்டிவ் கட்டி ஹார்மோனை வைத்துத்தான் வளர்கிறது, மடை வழியே பாயும் தண்ணீரில் வயல் வளர்கிற மாதிரி. டமாக்சிஃபென் மாத்திரை மடையை, அதாவது ஏற்பியை, அடைக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரோசோல் மாத்திரை ஏரித் தண்ணீரையே, அதாவது ஈஸ்ட்ரோஜனையே, வற்றவைக்கிறது. பொதுவாக 5 வருடமாவது சாப்பிட வேண்டும். மூட்டுவலி, உடம்புச் சூடு என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். மடையே இல்லாத நெகட்டிவ் கட்டிக்கு இவை பயன்படாது, கீமோ போன்ற வேறு சிகிச்சைகள் உண்டு.

90% என்றதும் நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டதாகப் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கும் பரவலுக்கும் சம்பந்தமே இல்லை, ஸ்டேஜை வேறு சோதனைகள்தான் சொல்லும்.