கேள்வி – பதில்: நேப்பிடோவில் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: தம்பி அரசு வேலையில் மாற்றலாகி நேப்பிடோவில் இருக்கிறான். சாக்கடை, தெருவிளக்கு என்று போய்க் கேட்க மக்கள் ஓட்டுப் போட்ட ஆள் அங்கே யாருமில்லை என்கிறான். தலைநகரத்திலேயே இப்படியா?
– யாங்கோன் வாசகர்

பதில்: இப்படித்தான், அதுவும் சட்டப்படியே. மியான்மரின் 2008 அரசியல் சட்டம் நேப்பிடோவை ஜனாதிபதியின் நேரடி நிர்வாகத்தில் வைத்திருக்கிறது. ஊரை நடத்தும் நேப்பிடோ கவுன்சிலின் தலைவர், உறுப்பினர்கள் எல்லாரும் நியமனம், பாதுகாப்பைக் கவனிக்க ராணுவத் தளபதி அனுப்பும் ஆளும் அதில் உண்டு. மற்ற மாநிலங்களுக்கு, பிரதேசங்களுக்கு இருக்கிற தனிச் சட்டமன்றம் இங்கே கிடையாது. 2005 நவம்பரில் தலைநகரை யாங்கோனிலிருந்து இங்கே மாற்ற அலுவலகங்களை லாரியில் ஏற்றி அனுப்பியபோதும் யாரையும் கேட்கவில்லை, பக்கத்திலேயே காலங்காலமாக இருந்த பியின்மனாக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஓட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நேப்பிடோவின் எட்டு டவுன்ஷிப்பிலிருந்தும் (நம்மூர் வட்டம் மாதிரி) நாடாளுமன்றக் கீழவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம், 2012 இடைத்தேர்தலில் அரசு ஊழியர்கள் நிறைந்த இந்த ஊரிலேயே போட்டி நடந்த நான்கு இடங்களையும் ஆங் சான் சூ கியின் கட்சி அள்ளியது, பொப்பாதிரி டவுன்ஷிப்பில் ஜெயித்தவர் ஒரு ராப் பாடகர்! ஆனால் அப்படி ஜெயிப்பவர் நாடாளுமன்றத்தில் பேசலாமே தவிர உங்கள் தம்பி வீட்டுச் சாக்கடை கவுன்சில் கையில்தான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தப் பேச்சும் போயிற்று.

நம் யாங்கோனும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். 2014 நகராட்சித் தேர்தலில் வீட்டுக்கு ஒரே ஓட்டு, அதாவது பெரும்பாலும் அப்பாவுக்கு. 18 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்று 2019-இல் மாற்றினார்கள், அப்போதும் மேயர் நியமனம்தான், ஓட்டுப் போட வந்தவர்களும் கொஞ்சம் பேர்தான்.

சரி, தம்பி என்ன செய்வது? அரசுக் குடியிருப்பு அமைச்சகவாரியாகக் கட்டியது என்பதால் முதலில் அலுவலகத்தில் வீடுகளைக் கவனிப்பவரிடம் சொல்லட்டும். தெரு விஷயம் என்றால் வார்டு நிர்வாகி. பத்துப் பத்து வீட்டுக்கு ஒருவராக இருக்கும் தலைவர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2012 சட்டம் சொன்னது, ஊரார் கை கொஞ்சமாவது பட்ட பதவி அது ஒன்றுதான். மனுவை பர்மிய மொழியில் எழுதி, அக்கம்பக்கத்து வீட்டார் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அரசு ஊழியன் தனியாகப் போய் நின்றால் மேலதிகாரி காதுக்குப் போய்விடும்.