ஆற்று மீனில் கொழுப்பு எவ்வளவு? மலேசியாவின் பீடோர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

அக்கா, வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால். செப்பாட், பூயு, கெலி (கெளுத்தி) மாதிரி ஆற்று மீனெல்லாம் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடட்டும் அம்மா. செப்பாட்டிலும் விராலிலும் கொழுப்பு குறைவுதான். வளர்ப்புக் கெலியில் மட்டும் தீனிக்குத் தக்கபடி கொழுப்பு ஏறும். வயிற்றைக் கீறினால் மஞ்சளாக ஒட்டியிருக்குமே, அதை எடுத்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது வாணலியை. மொறுமொறுவென்று பொரிக்கும்போது மீனின் ஈரம் ஆவியாகி, அந்த இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. சின்ன மீன் என்றால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. புளிக்குழம்பு வையுங்கள், இல்லையென்றால் வாழையிலையில் சுட்டுக் கொடுங்கள்.

ஒமேகா-3 கடல் மீனில்தான் இருக்கிறதாமே?

கெம்போங் மாதிரிக் கடல் மீன்களில்தான் அதிகம், அது உண்மை. பெரியவர்களுக்கு இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 வகைகள் இரண்டும் சேர்ந்து நாளுக்கு 250 மில்லிகிராமாவது வேண்டும் என்பது உலக அளவிலான பரிந்துரை. செப்பாட்டை மட்டும் நம்பி அந்த அளவை எட்டுவது கடினம். ஆனாலும் ஆற்று மீனை ஒதுக்காதீர்கள். பாசியில் இருக்கும் எளிய ஒமேகா-3-ஐ இபிஏ, டிஎச்ஏவாக மாற்றும் திறமை நன்னீர் மீன்களுக்கு உண்டு. நம் உடம்பு அந்த வேலையை மிகக் கொஞ்சமாகத்தான் செய்யும். வாரத்தில் இரண்டு நாள் கெம்போங், மற்ற நாளில் ஆற்று மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி தலையைத் தொடவே மாட்டேன் என்கிறாள். தலையில் அப்படி என்ன சத்து?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மீனின் மூளையிலும் கண்ணிலும் டிஎச்ஏ செறிந்திருக்கும். வங்காளதேசத்தில் மோலா என்று விரல் நீளத்தில் ஒரு நன்னீர் மீன் உண்டு. அதை முழுசாகத் தின்பார்கள். அதன் வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் குடல் பகுதியிலும்தான் இருக்கிறது. தலையை வெட்டி எறிந்தால் சத்தும் குப்பைக்குப் போகிறது. முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். தலையை நன்றாக வேகவைத்து மசித்து, குழம்பில் கலந்து கொடுத்துப் பாருங்கள் பாட்டி. கூடவே முருங்கைக்கீரை வையுங்கள். மீன் கொழுப்பு சேர்ந்தால் கீரையின் பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) உடம்பில் நன்றாக ஒட்டும்.

ஆப்பரேஷன் செய்தவருக்கு விரால் சூப் கொடுப்பது சும்மா நம்பிக்கையா?

வெறும் நம்பிக்கை இல்லை தம்பி. விராலில் அராகிடோனிக் அமிலம் என்ற ஒருவகைக் கொழுப்பு அமிலம் இருக்கிறது. காயம் ஆறும்போது உடம்பு தயாரிக்கும் சில பொருள்களுக்கு அதுதான் மூலம். தோல் வளரத் தேவையான அமினோ அமிலங்களும் விராலில் உண்டு. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாமல், உணவாகக் கொடுங்கள்.

தோட்டத்து அல்லூரில் (வாய்க்காலில்) பிடித்த பூயு?

களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கும் பக்கம் என்றால் வேண்டாம். சில மருந்துகள் மீன் கொழுப்பில் தங்கிவிடும். அங்கே பிடித்த மீனின் தலையும் குடலும் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

செப்பாட் கருவாடு?

உப்பு அதிகம். இரத்த அழுத்தம் இருந்தால் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சமாகச் சமைக்கலாம். சிக்கு வாடை அடித்தால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.