காசநோயாளி இருக்கும் ஒற்றை அறை வீட்டில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

கேள்வி இது: அப்பாவின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது. திருவாரூர் பக்கம் ஓர் அறைத் தொகுப்பு வீடு, ஐந்து பேர். தட்டு, துணி, கழிப்பறையைத் தனியாக்க வேண்டுமா?

வேண்டாம். நுரையீரல் காசநோய் தட்டாலோ துண்டாலோ கழிப்பறையாலோ பரவுவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். தனித் தட்டு வைத்து மனுஷனை நோகடிப்பதுதான் மிச்சம். இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், ஆபத்து அதில்தான். அறைக் காற்று மணிக்கு 12 முறை மாறினால் அந்தத் துளிகளில் 99 சதவீதம் வெளியேற ஏறக்குறைய 23 நிமிடம் ஆகும். 2 முறைதான் மாறுகிறது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

திறப்புகளின் மொத்தப் பரப்பு தரையில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். 10க்கு 12 அடி அறைக்கு 24 சதுர அடி, அதாவது எதிரெதிர்ச் சுவரில் 3க்கு 4 ஜன்னல் இரண்டு. ஒரே சுவரில் இரண்டு வைத்தால் காற்று ஓடாது. ஜன்னல் ஒன்றுதான் என்றால் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். ஜன்னலை மறைக்கும் நெல் மூட்டை, விறகு, பழைய பீரோவை நகர்த்துங்கள். ஓட்டு வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தார்ப்பாய் போட்டு அடைக்காதீர்கள். சூடான காற்று வெளியேறும் வழி அது.

நம் பகுதியில் எல்லாம் கெடுவது பொழுது சாயும்போதுதான். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே வீட்டை அடைத்துவிடுகிறோம். ஜன்னலுக்கு நைலான் வலையும் படுக்கைக்குக் கொசுவலையும் வாங்கி, இரவிலும் திறந்தே வையுங்கள். சீலிங் ஃபேன் இருக்கிற காற்றையே சுழற்றும், வெளியேற்றாது.

அப்பாவின் படுக்கை காற்று வெளியேறும் பக்கம் இருக்க வேண்டும். ஊதுவத்தி கொளுத்திப் பாருங்கள், புகை எந்த ஜன்னல் வழியே போகிறதோ அதுதான் அவர் இடம். ஆடியில் மேல்காற்று, ஐப்பசிக்குமேல் வாடைக்காற்று என்று திசை மாறும்போது படுக்கையையும் மாற்றுங்கள். பகலில் திண்ணை நல்லது. ஒதுக்கி வைப்பதாக இல்லாமல், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

உள்ளே மற்றவர்கள் இருக்கும்போது அவர் முகக்கவசம் போடட்டும். சளிக்கு மூடியுள்ள டப்பாவில் தாள் போட்டு, தினமும் கொல்லையில் எரியுங்கள். மழை நாளில் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வாய்க்காலில் வேண்டாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். ரத்தமென்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. விறகடுப்பு உள்ளே இருந்தால் கொல்லைக்கு மாற்றுங்கள், அந்தப் புகை எல்லோர் நுரையீரலுக்கும் கேடு.

தனி அறை இல்லையே என்று மனம் தளர வேண்டாம். 1950களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வு, வீட்டிலேயே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) சேர்ந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானதைக் காட்டியது. வீட்டாருக்கும் அதனால் நோய் கூடவில்லை. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை வேகமாகக் குறையும். மருந்துக்கு மசியாத வகை என்றால் கூடுதல் நாள் கவனம் தேவை. வழக்கமான சிகிச்சை 6 மாதம், இருமல் நின்றாலும் விடக் கூடாது. புயல், வெள்ள எச்சரிக்கை வந்தால் மாத்திரையை நெகிழிப் பையில் கட்டி முகாமுக்கு முதலில் எடுத்துப் போங்கள்.

மற்ற நால்வரும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இல்லையென்று தெரிந்தால் தடுப்பு மருந்து கேளுங்கள். வாரம் ஒன்றாக 12 வேளை, அல்லது தினமும் 6 மாதம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு, அப்பாவின் வங்கிக் கணக்கு விவரத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.